வாக்கும் வாணிகமும்: காலமும் ஐயமும்

கொல்கத்தாவின் தென்பகுதியிலே லேக் மார்க்கெட் என்ற இடம் ஒன்று உண்டு. வாழையிலையும் கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் நாடி வரும் நம்மவர் மாலை வேளைகளில் ஒருவரையொருவர் கண்டு அளவளாவும் இடமும் அதுவே. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு மாலைப் பொழுதில், இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நகரில் சிறு வியாபாரம் நடத்திவரும் நண்பர் ஒருவரை அங்கே சந்தித்தேன். புதிய கிடங்கு ஒன்றைக் குத்தகைக்கு எடுக்கப்போவதாக அவர் முன்பே சொல்லியிருந்தார். "கிடங்கு விஷயம் என்னவாயிற்று?" என்று வினவினேன். "தேர்தல் முடியட்டும் சார், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்.

அவருடைய வியாபாரத்திற்கும் தேர்தலுக்கும் நேரான சம்பந்தம் ஏதும் இல்லை. எக்கட்சி வென்றாலும் அரிசியும் பருப்பும் விற்கத்தான் போகின்றன. ஆயினும் அவர் காத்திருக்கிறார். வாக்குச்சாவடிக்குச் செல்லும் குடிமகனும் கல்லாப்பெட்டியின் முன் அமர்ந்திருக்கும் வணிகனும் வெவ்வேறு உலகத்தவர் என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் இருவரும் ஒரே கேள்வியைத்தான் தமக்குள் கேட்டுக்கொள்கின்றனர்: "நாளை என்ன ஆகும் என்று தெரியாதபோது இன்று நான் எதற்கு உடன்படுவது?"

ஒரு திட்டம் நல்லதா தீயதா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அதைப் பற்றி மக்களிடம் எப்பொழுது கேட்கப்பட்டது, கேட்கப்பட்ட வேளையில் அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்ற இரண்டும் முடிவைப் பெரிதும் நிர்ணயித்துவிடுகின்றன. இதற்குக் கொல்கத்தாவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்கூரைக் காட்டிலும் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை எனலாம். அக்கதைக்கு வருமுன், காத்திருத்தல் என்பதன் பொருளைச் சற்று ஆராய்வோம்.

காத்திருப்பதன் இலாபமும் நஷ்டமும்

நண்பர் கிடங்குக்கு முன்பணம் கொடுத்து, தட்டுகள் அடித்து, மின் இணைப்பும் பெற்றுவிட்டால் அப்பணத்தை மீட்பது கடினம். ஆறு மாதம் பொறுத்தாலோ, புதிய அரசாங்கத்தின் வரி எவ்வாறிருக்கும், அந்தத் தெரு அகலப்படுத்தப்படுமா என்பன தெரிந்துவிடும். பொறுத்ததனால் அவர் இழப்பது ஆறு மாத இலாபம் மட்டுமே. அவசரப்பட்டால் முதலையே இழக்க நேரிடலாம். செய்த பின் மீள முடியாத காரியத்தில், நிலைமை தெளியும் வரை காத்திருப்பதற்கே ஒரு விலை உண்டு என்பது பொருளியலார் கண்ட உண்மை. பின்னாளில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரான பென் பெர்னான்கி 1983-ஆம் ஆண்டில் இதையே ஒரு கட்டுரையில் நிறுவினார். நம் பாட்டிமார் ஆற்று வெள்ளம் வடிந்த பிறகு தோணி ஏறச் சொன்னதும் இதே கணக்குத்தான்.

ஒருவர் காத்திருந்தால் அது விவேகம். ஊரே காத்திருந்தால் அது தேக்கம். கிடங்கு எடுக்காத நண்பரால் தச்சருக்கு வேலையில்லை. தச்சரால் மரக்கடைக்கு விற்பனையில்லை. இதனை அனுபவித்து அறிந்த நகரம் கொல்கத்தா.

1967-ஆம் ஆண்டு முதல் 1972-ஆம் ஆண்டு வரையிலான காலத்தை நோக்குங்கள். மேற்கு வங்கச் சட்டமன்றத்திற்கு 1967, 1969, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் நான்கு முறை தேர்தல் நடந்தது. இடையிடையே மூன்று முறை ஜனாதிபதி ஆட்சி ஏற்பட்டது. நிர்வாகிகளைத் தொழிலாளர் சூழ்ந்துகொண்டு வெளியேற விடாமல் நிறுத்தும் 'கெராவோ' என்ற சொல் இந்தியா முழுவதும் பரவியதும் அந்நாளிலேதான். அடுத்த ஆண்டு எந்த அரசாங்கம், எந்தச் சட்டம், எந்தக் கூலி என்று சொல்லக்கூடியவர் ஒருவரும் இலர். பல கம்பெனிகள் தம் தலைமை அலுவலகங்களைப் பம்பாய்க்கும் பிற நகரங்களுக்கும் மாற்றிக்கொண்டன. ரெயில்வே வேகன்களுக்கான உத்தரவுகள் குறைந்தமை, நிலக்கரிக்கும் எஃகுக்கும் நாடெங்கும் ஒரே விலை கிடைக்குமாறு சரக்குக் கட்டணம் சமன் செய்யப்பட்டமை ஆகிய காரணங்களும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், புதிதாக முதல் போட நினைத்தவர் "பார்க்கலாம்" என்று ஒதுங்கியமைக்கு ஐயப்பாடு ஒரு முக்கிய காரணமாயிற்று. அந்நாளில் வேலை தேடிக் கல்கத்தாவுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களில் சில, பம்பாய்க்கும் டில்லிக்கும் மீண்டும் ஒரு முறை பெட்டி கட்டிய கதையை இன்றும் முதியவர் சொல்லக் கேட்கலாம்.

நூறு குடும்பங்களின் வாக்கு

இது வணிகனின் நிலை. வாக்காளன் நிலை என்ன? ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம்.

ஓர் ஊரில் 100 குடும்பங்கள் உள்ளன. அங்கே ஒரு தொழிற்சாலை வரப்போகிறது. அதனால் 60 குடும்பங்களுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் ரூபாய் கூடுதல் வருமானம் கிடைக்கும். 40 குடும்பங்களுக்குப் பத்தாயிரம் ரூபாய் குறையும் என்று வைத்துக்கொள்வோம். ஊர் முழுவதற்கும் ஆதாயம் 6 இலட்சம், நஷ்டம் 4 இலட்சம். பெரும்பான்மையோர் நன்மை பெறுவதால் வாக்கெடுப்பில் திட்டம் வென்றுவிடும் என்று தோன்றும்.

ஆனால் யாருக்கு நன்மை என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியுமா? கடைவீதியிலுள்ள 40 குடும்பங்களுக்குத் தமக்கு ஆதாயம் என்பது நிச்சயமாகத் தெரியும். மற்ற 60 குடும்பங்களில் 20 குடும்பங்களுக்கு ஆதாயம், 40 குடும்பங்களுக்கு நஷ்டம். எவர் எந்தப் பக்கம் விழுவர் என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. அந்த 60 பேரில் ஒவ்வொருவரும், "மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பே எனக்கு நல்லது, மூன்றில் இரு பங்கு வாய்ப்புக் கெட்டது" என்று நினைப்பர். அறுபது பேரும் எதிர்த்து வாக்களிப்பர். திட்டம் தோற்றுவிடும்.

அதே தொழிற்சாலை எப்படியோ வந்துவிட்டது என்றும், ஓராண்டு கழித்து "இது நீடிக்கலாமா?" என்று அதே 100 குடும்பங்களைக் கேட்பதாகவும் வைத்துக்கொள்வோம். இப்பொழுது ஆதாயம் பெற்ற 60 பேரும் தம்மை அறிவர். திட்டம் வென்றுவிடும். ஊர் ஒன்று, மக்களும் ஒருவரே, கணக்கும் ஒன்றே. கேட்ட காலம் மாறியது, விடையும் மாறிவிட்டது. ராகேல் ஃபெர்னாண்டஸ், டேனி ராட்ரிக் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 1991-ஆம் ஆண்டில் இவ்வகைக் கணக்கை வெளியிட்டனர்.

இதைக் கேட்டதும், "அப்படியானால் மக்களைக் கேளாமலே செய்துவிடலாம், பிறகு ஒப்புக்கொள்வர்" என்று ஆட்சியாளர் முடிவு கட்டுவராயின் அது பெரும் பிழை. நஷ்டமடையும் 40 குடும்பங்கள் கற்பனை அல்ல. கணக்குக் காட்டும் நேர்வழி வேறு. ஆதாயமான 6 இலட்சத்திலிருந்து 4 இலட்சத்தை ஈடு செய்தாலும் ஊருக்கு 2 இலட்சம் மிஞ்சும். யார் எந்தப் பக்கம் என்பதையும், ஈடு எவ்வளவு, எந்நாளில், எவர் கையால் என்பதையும் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிட்டால் ஐயம் நீங்கும். ஐயம் நீங்கினால் வாக்கும் மாறும்.

சிங்கூரில் நடந்தது

2006-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் மேற்கு வங்கச் சட்டமன்றத் தேர்தல் நடைபெற்றது. புத்ததேவ் பட்டாச்சார்யா தலைமையில் இடதுசாரி முன்னணி 294 இடங்களில் 235 இடங்களை வென்றது. மாநிலத்தில் தொழில் வளரவேண்டும் என்பதே அவருடைய முழக்கம். மே 18-ஆம் தேதி அவர் மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்றார். அதே நாளில், ஒரு இலட்சம் ரூபாய்க்குச் சிறிய கார் தயாரிக்கும் தொழிற்சாலை ஹூக்ளி மாவட்டத்தின் சிங்கூரில் அமையும் என்ற செய்தியை ரத்தன் டாட்டாவும் முதலமைச்சரும் வெளியிட்டனர்.

நாளைக் கவனியுங்கள். வாக்குகள் எண்ணப்பட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. 'தொழில் வேண்டும்' என்று வாக்களித்த மாநிலத்துக்கு, அத்தொழில் எவருடைய வயலில் எழும்பப்போகிறது என்பது வாக்களித்த பிறகே தெரிந்தது. பொதுவான நன்மைக்குச் சம்மதம் முன்னே பெறப்பட்டது. குறிப்பிட்ட சிலருடைய நஷ்டம் பின்னே அறிவிக்கப்பட்டது. சிங்கூர்த் தொகுதியோ அத்தேர்தலிலேயே எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுத்திருந்தது.

தேவைப்பட்ட நிலம் 997 ஏக்கர். 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் அப்பொழுது அமலில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்திய அச்சட்டத்தில் ஆட்சேபணை தெரிவிக்க இடமுண்டு. உரிமையாளரின் இசைவைக் கட்டாயமாகப் பெறவேண்டும் என்ற விதி இல்லை. பலர் நஷ்ட ஈட்டைப் பெற்றுக்கொண்டனர். பலர் மறுத்தனர். மறுத்தவர்களின் நிலம் சுமார் 400 ஏக்கர் என்று எதிர்க்கட்சி கூறியது. சொந்த நிலம் உடையவருக்கேனும் காசோலை ஒன்று உண்டு. பதிவேட்டில் பெயர் ஏறாத குத்தகைதாரருக்கும், நடவுக்கும் அறுவடைக்கும் கூலிக்குச் செல்பவருக்கும் நாளைய உணவு எங்கிருந்து வரும்? அதற்கு அவர்கள் நம்பக்கூடிய விடை அப்பொழுது கிடைக்கவில்லை. மேலே கண்ட கணக்கில் 'எந்தப் பக்கம் விழுவோம் என்று தெரியாத 60 பேர்' இவர்களே.

2006-ஆம் ஆண்டு டிசம்பரில், நெல் அறுவடை முடிந்து உருளைக்கிழங்கு நடவு நடக்கும் பருவத்தில், போலீஸ் காவலுடன் வேலி எழுந்தது. மம்தா பானர்ஜி கொல்கத்தாவில் 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அடுத்த மாதம், நந்திகிராமம் என்ற வேறோர் ஊரில் நிலம் எடுக்கப்படலாம் என்ற ஓர் அறிவிப்பு வெளியாயிற்று. அது செல்லாது என்று முதலமைச்சர் சில நாட்களிலேயே கூறினார். ஆனால் மக்கள் மனத்தில் விழுந்த அச்சத்தை அச்சொல் அகற்றவில்லை. 2007-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி அங்கு நடந்த போலீஸ் நடவடிக்கையில் 14 பேர் உயிரிழந்தனர். ஒரு நிலமும் கைமாறவில்லை. ஐயம் ஒன்றே அத்தனை உயிர்களைக் கொள்ளும் சூழ்நிலையை உண்டாக்கிவிட்டது.

நான்கு நாட்காட்டிகள்

இவ்வளவுக்கும் பிறகு சிங்கூரில் கட்டடங்கள் எழும்பின. 2008-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி டில்லியில் 'நானோ' கார் உலகுக்குக் காட்டப்பட்டது. அதே மாதம் 18-ஆம் தேதி, நிலம் எடுத்தது செல்லும் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காரியம் கைகூடிவிட்டது என்று பலரும் நினைத்தனர். ஆயினும் அங்கே நான்கு தரப்பினர் நான்கு வெவ்வேறு நாட்காட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

கம்பெனியின் நாட்காட்டியில் மாதங்கள் இருந்தன. ஒரு இலட்சம் என்று விலையை முன்னரே சொல்லியாகிவிட்டது; தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அவ்விலையை உண்டுவிடும். அரசாங்கத்தின் நாட்காட்டியில் ஐந்து ஆண்டுகள் இருந்தன. அதற்குள் தொழிற்சாலையின் புகைபோக்கியை வாக்காளருக்குக் காட்டியாக வேண்டும். எதிர்க்கட்சியின் நாட்காட்டியில் அடுத்தடுத்த தேர்தல்கள் குறிக்கப்பட்டிருந்தன. விவசாயியின் நாட்காட்டியிலோ நெல்லும் சணலும் உருளைக்கிழங்கும் மாறி மாறி வரும் பருவங்களும், அவற்றுக்கு அப்பால் மகன், பேரன் என்ற தலைமுறைகளும் இருந்தன. மாதக் கணக்கில் அவசரப்படுபவரும் தலைமுறைக் கணக்கில் அஞ்சுபவரும் ஒரே மேசையில் அமர்ந்தால், பேச்சு எளிதில் முடியுமா?

2008-ஆம் ஆண்டு மே மாதம் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. கிழக்கு மேதினிப்பூர், தெற்கு 24 பர்கானா ஆகிய இரு மாவட்டப் பரிஷத்துகளை இடதுசாரி முன்னணி இழந்தது. 'இந்த அரசாங்கம் இனியும் நீடிக்கும்' என்று அதுவரை எல்லோரும் கொண்டிருந்த நிச்சயம் தளர்ந்தது. காத்திருந்தால் நிலம் திரும்பக் கிடைக்கக்கூடும் என்ற எண்ணம், மறுத்து நின்றவர்களுக்கு வலுப்பெற்றது. கம்பெனிக்கோ அதே செய்தி அபாய அறிவிப்பாயிற்று. ஆகஸ்டு 24-ஆம் தேதி தொழிற்சாலையை ஒட்டிய நெடுஞ்சாலையில் முற்றுகை தொடங்கியது. செப்டம்பர் 2-ஆம் தேதி கம்பெனி வேலையை நிறுத்தி வைத்தது.

அப்பொழுது மேற்கு வங்கத்தின் கவர்னராக இருந்தவர் கோபாலகிருஷ்ண காந்தி. நம் ராஜாஜியின் பேரர் அவர்; விடுதலைக்குப் பின் மேற்கு வங்கத்தின் முதல் கவர்னராக 1947-ஆம் ஆண்டில் அதே மாளிகையில் அமர்ந்தவர் ராஜாஜி. கவர்னரின் முயற்சியால் இரு தரப்பாரும் பேசினர். செப்டம்பர் 7-ஆம் தேதி ஓர் உடன்பாடு எட்டப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஈடு பெறாத விவசாயிகளுக்கு, திட்டப் பகுதிக்குள் அதிகபட்சமாகவும் எஞ்சியது அருகிலும் கூடிய விரைவில் நிலம் தரப்படும் என்பது அதன் சாரம்.

மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கும் எனக்கு இத்தகைய சொற்களோடு நாள்தோறும் பழக்கம். 'பரிசீலனையில் உள்ளது', 'உரிய காலத்தில் ஆவன செய்யப்படும்', 'இயன்ற அளவு' என்ற தொடர்களை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ! எழுதுபவனுக்கு அவை வசதியானவை. எந்தக் கதவையும் மூடுவதில்லை. ஆனால் விடைக்காகக் காத்திருப்பவன் அவற்றைப் படிக்கும்போது கதவு எதுவும் திறப்பதுமில்லை. 'அதிகபட்சம்' என்பது எத்தனை ஏக்கர்? அதில் எண் இல்லை. 'கூடிய விரைவில்' என்பது எந்நாள்? அதில் தேதி இல்லை. ஒரு தரப்பார் அதைச் சில நூறு ஏக்கர் என்று கொண்டனர். மறு தரப்பார் மிகச் சிறிய பகுதி என்று கொண்டனர். சில நாட்களில் உடன்பாடு உதிர்ந்தது. அரசாங்கம் கூடுதல் ஈட்டை அறிவித்தது. ஆனால் காலம் கடந்துவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொல்லியிருந்தால் உடன்பாடாகியிருக்கக்கூடிய சலுகை, அப்பொழுது பலவீனத்தின் அடையாளமாக மட்டுமே தெரிந்தது.

அக்டோபர் 3-ஆம் தேதி, நகரம் துர்கா பூஜைப் பந்தல்களுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்த வேளையில், சிங்கூரை விட்டு வெளியேறுவதாக ரத்தன் டாட்டா அறிவித்தார். நான்கே நாட்களில், 7-ஆம் தேதி, குஜராத்தின் சாணந்தில் தொழிற்சாலை அமைக்க ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அங்கே கொடுக்கப்பட்டது அரசாங்கத்தின் கையில் ஏற்கெனவே இருந்த நிலம். விலையைக் காட்டிலும், 'நாளையே வேலையைத் தொடங்கலாம்' என்ற நிச்சயமே கம்பெனியை ஈர்த்தது எனலாம்.

வாக்காளரும் தம் விடையைத் தந்தனர். 2004-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் 42-இல் 35 இடங்களைப் பெற்ற இடதுசாரி முன்னணி, 2009-ஆம் ஆண்டில் 15 இடங்களே பெற்றது. 2011-ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் 235 இடங்கள் 62 ஆகக் குறைந்தன. 34 ஆண்டு ஆட்சி முடிவுற்றது. சிங்கூரும் நந்திகிராமமும் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. ஆனால் மாநிலமெங்கும் உள்ள விவசாயி, "அடுத்தது என் நிலமோ?" என்று கேட்கத் தொடங்கிய இடங்கள் அவை.

எவரும் வெல்லாத வழக்கு

பின்னர் நிகழ்ந்தவை இன்னும் நீண்டன. நிலத்தைத் திருப்பித் தர 2011-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 2012-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்ற அமர்வு அதைச் செல்லாதது என்றது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் தேதி, நிலம் எடுத்ததே செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, நிலத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டது. வயல் வயலுக்குத் திரும்பியது. ஆயினும் பத்து ஆண்டுகள் திரும்பவில்லை. சிமென்டும் இரும்பும் புதைந்த மண்ணில் பழைய விளைச்சல் எளிதில் வருவதாயில்லை. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி நடுவர் மன்றம் ஒன்று, கம்பெனிக்கு ரூ. 765.78 கோடியும் 2016 செப்டம்பரிலிருந்து 11 சதவிகித வட்டியும் வழங்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியது. அந்த நானோ காரோ எதிர்பார்த்தபடி விற்பனையாகாமல் 2018-ஆம் ஆண்டளவில் உற்பத்தி ஓய்ந்தது. விவசாயி, தொழிலாளி, கம்பெனி, அரசாங்கம், வரி செலுத்துவோர் ஆகிய அனைவரும் ஏதேனும் ஒன்றை இழந்தனர்.

ஆட்சி மாறுமோ என்ற ஐயம் எங்கும் உள்ளதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மை. நம் தமிழ்நாட்டையே எடுத்துக்கொள்வோம். ஃபோர்டு கார்க் கம்பெனி தமிழ்நாட்டைத் தேர்ந்தெடுத்தது ஜெயலலிதா முதலமைச்சராக இருந்த காலம். 1996-ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த அரசாங்கம் பெருந்தோல்வி அடைந்து, கருணாநிதி முதலமைச்சரானார். மறைமலைநகர்த் தொழிற்சாலை நின்றுவிடவில்லை. 1999-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அரசியலில் எதிரும் புதிருமாக நின்ற இரு அரசாங்கங்களும் ஒரு வாக்குறுதியை அரசாங்கத்தின் வாக்குறுதியாகக் கருதி ஏற்றன. ஆட்சியில் அமர்பவர் யார் என்ற ஐயம் ஜனநாயகத்தின் இயல்பு, அது நீங்கவேண்டியதில்லை. கொடுத்த வாக்கு நிற்குமா என்ற ஐயமே தொழிலையும் மக்களையும் வாட்டுவது. முந்தியதைப் பிந்தியதாக மாற்றாமல் காப்பதே நல்லாட்சி.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்ற அதிகாரங்கள் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. சிங்கூரில் அரசாங்கம் 235 இடங்கள் என்ற தன் வலியை அறிந்திருந்தது. காலத்தையும் இடத்தையும் அவ்வாறே அறிந்திருந்ததா என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு நாடு ஒரு விடை தேடியது. 1894-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2013-ஆம் ஆண்டில் புதிய நிலம் கையகப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டு, 2014 ஜனவரி முதல் தேதியன்று அமலுக்கு வந்தது. தனியார் கம்பெனிக்காக நிலம் எடுப்பதாயின் 80 சதவிகித நில உரிமையாளரின் சம்மதமும், அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் திட்டமாயின் 70 சதவிகிதத்தினரின் சம்மதமும் வேண்டும் என்று அது விதித்தது. சமுதாயத்தில் விளையக்கூடிய பாதிப்பை முதலில் ஆராய வேண்டும் என்றும் கூறியது. நிலமற்ற கூலியாளரையும் குத்தகைதாரரையும் பாதிக்கப்படும் குடும்பங்களில் சேர்த்தது. விதிவிலக்குகள் பல உண்டெனினும், அச்சட்டத்தின் உள்ளக்கிடக்கை ஒன்றே: விடை முன்னே, கேள்வி பின்னே.

இப்பாடம் முற்றும் கற்கப்பட்டுவிட்டதென்று சொல்வதற்கில்லை. சென்னைக்கு இரண்டாவது விமான நிலையத்துக்காகப் பரந்தூர் 2022-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அப்பகுதியைச் சேர்ந்த ஏகனாபுரம் மக்கள் 2024-ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தனர். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். 'எங்களைக் கேட்டது எப்பொழுது?' என்பதே அவ்வூராரின் குறை. நம்மில் எத்தனையோ பேருக்கு ஊரிலே இரண்டு ஏக்கர் புன்செய்யோ ஒரு பழைய வீடோ இருக்கிறது. நாளை அதன் வழியே ஒரு சாலை வரலாம். அப்பொழுது நாமும் சிங்கூர் விவசாயியின் இடத்தில் நிற்போம்.

நாம் செய்யத்தக்கவை

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் யாது?

முதலாவது, வாக்கைப் பற்றியது. ஒருவர் வழக்கமாக வசிக்கும் இடத்திலேயே வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். இரண்டு தொகுதிகளில் பெயர் வைத்திருப்பது சட்டத்திற்கு விரோதம். 'என்றாவது ஊருக்குத் திரும்புவோம்' என்ற ஐயத்திலேயே இருபது ஆண்டுகள் எங்கும் வாக்களியாமல் கழித்தவர் நம்மிடையே பலர். ஒரு தேர்தலில் வேட்புமனுத் தாக்கல் செய்வதற்கான கடைசி நாளுக்குப் பிறகு அத்தேர்தலுக்காகப் புதிய பெயர் சேர்க்க இயலாது. காலம் தவறினால் கருத்து இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, காத்திருப்பைப் பற்றியது. 'தேர்தல் முடியட்டும்' என்பது ஒரு விடை அல்ல. தேர்தல் அறிவிக்கப்பட்ட நாள் முதல் நன்னடத்தை விதிகள் அமலாகின்றன, புதிய திட்டங்களை அரசாங்கம் அறிவிக்க முடியாது, அடிக்கல் நாட்டமுடியாது. நாடாளுமன்றத் தேர்தல் ஆண்டில் முதலில் இடைக்கால வரவுசெலவுத் திட்டமும், முடிவுகள் வந்த பின் முழுத் திட்டமும் வருகின்றன. இவை நாள் தெரிந்த தாமதங்கள். எந்தச் செய்திக்காகக் காத்திருக்கிறோம், அது எந்நாளில் தெரியும், தெரிந்தால் நம் முடிவு மாறுமா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கவேண்டும். மூன்றாவது கேள்விக்கு 'மாறாது' என்பது விடையானால் காத்திருப்பதில் பொருளில்லை.

மூன்றாவது, கேட்பவரைப் பற்றியது. தெருவில் மேம்பாலமோ, குடியிருப்பைப் புதுப்பிக்கும் ஒப்பந்தமோ எது வந்தாலும், கையெழுத்திடுமுன் எண்ணையும் தேதியையும் கேட்போம். 'அதிகபட்சம்', 'கூடிய விரைவில்' என்ற சொற்களுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஒரு நாளும் எழுதப்பட்ட பிறகு சம்மதிப்போம். நாம் பிறரிடம் சம்மதம் கேட்கும்போதும் அவ்வாறே எழுதிக் கொடுப்போம்.

லேக் மார்க்கெட் நண்பரிடம் அன்று இம்மூன்று கேள்விகளையே கேட்டேன். சிறிது நேரம் யோசித்தார். தெரு அகலப்படுத்தும் விஷயம் ஒன்றே தமக்கு உண்மையான ஐயம் என்றும், அதை மாநகராட்சி அலுவலகத்தில் விசாரித்தாலே தெரிந்துவிடும் என்றும் ஒப்புக்கொண்டார். "அப்படியானால் தேர்தலுக்கு எதற்குக் காத்திருக்கிறீர்கள்?" என்றேன். "எல்லோரும் காத்திருக்கிறார்களே சார்!" என்று சொல்லிச் சிரித்தார். மறுவாரமே மாநகராட்சி அலுவலகத்துக்குப் போய்வந்ததாகப் பின்னர்ச் சொன்னார்.